ஆயிரம் டிகிரி மாப்பிள்ளை

நடந்ததா, சும்மா அளக்கிறாயா என்று கேட்கிறவர்கள் எங்கள் தொழிற்பேட்டைக்கு வந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் காதர் பாய் டீக்கடைக்கும் நடுவில் தார்ச்சாலையில் அழுந்திக் கிடக்கும் காலடிகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறக்கட்டும். திருச்சியிலிருந்து கிழக்கே போகிற சாலையில், கொதிகலன் பாகங்களும் டர்பைன் பாகங்களும் செய்து அனுப்பும் பட்டறைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஊர் எங்களுடையது. இங்கே சேவல் கூவுவதற்கு முன்னால் கிரைண்டர் கூவும், பூக்கடைக்காரி கூட மில்லிமீட்டரில்தான் பூ அளப்பாள். இந்த ஊரில் பம்ப்செட்டும் காற்றூதியும் பழுது பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த மருதவாணன், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்தபோது, ஆயிரம் டிகிரிக்குச் சூடாகியிருந்தான்.

கட்டில் எரிந்து போனதால் தரையில் கிடந்தான். எழுந்து வந்து காபி கேட்டான். அவன் அம்மா பாக்கியம் நீட்டிய எவர்சில்வர் டம்ளர் அவன் விரல் பட்டதும் செக்கச் சிவந்தது, காபி புஸ்ஸென்று ஆவியாகி உத்தரத்துக்குப் போனது.

"நேத்து உச்சி வெயில்ல மொட்டை மாடியில நின்னு டேங்க் கழுவுனியா?" என்றாள் பாக்கியம். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே."

அவளைப் பொறுத்தவரை காரணம் அதுதான், எங்களைப் பொறுத்தவரையும் அதுதான். இளநீர் கொடுத்தாள், அது மட்டைக்குள்ளேயே கொதித்தது. டாக்டர் தூர நின்று பார்த்து வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்றார், மாத்திரை வாய்க்குப் போகும் வழியிலேயே சாம்பலானது. மருதவாணனுக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை, தலைவலி கூட இல்லை. பசி மட்டும் இருந்தது, அதுவும் சோற்றுக்கு இல்லை, கரிக்கு. பாக்கியம் மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி வாங்கி, ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையெல்லாம் இட்லிக்கு அழுகிறது, எனக்கென்று வாய்த்ததைப் பார் என்று தெருவுக்கே கேட்கும்படி அலுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் எதற்கும் மலைத்து நிற்காது. புதன்கிழமையே காதர் பாய், "தம்பி, சும்மா உக்காந்திருக்கறத இங்க வந்து உக்காரு" என்று கூட்டிப்போய், சூளைச் செங்கல் அடுக்கி ஆசனம் போட்டு, மடியில் டீ பாய்லரை ஏற்றி வைத்துவிட்டார். சூளைக் கதவுக்குத் தொங்கவிடும் தீப்பிடிக்காத வெள்ளைத் துணியை வேட்டியாகக் கட்டிக்கொண்டு மருதவாணன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, இஸ்திரி போடுகிற ஏகாம்பரம் பெட்டியை அவன் முதுகில் ஒட்டவைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு போக, வெல்டர்கள் ஈரமான ராடுகளை அவனைச் சுற்றி வட்டமாக நட்டுக் காயவைக்க, பெண்கள் அப்பளத்தை இடுக்கியில் பிடித்து அவன் காதோரம் ஒரு காட்டுக் காட்டிப் பொரித்து எடுக்க, மழை பெய்த அன்றைக்கு அவனைச் சுற்றி எழுந்த ஆவியில் நொச்சி இலையைப் போட்டுவிட்டு, சளி பிடித்த குழந்தைகளையெல்லாம் போர்வைக்குள் நுழைத்து உட்காரவைக்க, ஊரே ஒரு பெரிய சமையலறை மாதிரி மணந்தது. கொசு அந்தப் பக்கமே வரவில்லை. ஒரே ஒரு புகார் பேரூராட்சியிலிருந்து வந்தது: புதுத் தார்ச்சாலையில் நடக்காமல் ஜல்லி ஓரமாக நடக்கச் சொல்லுங்கள் என்று. அவனும் அப்படியே நடந்தான்.

இதில் ஒரே சங்கடம், அவனுக்கு ஆவணியில் கல்யாணம்.

பெண், அன்னக்கிளி கோட்டிங்ஸில் வேலை பார்க்கும் இளவஞ்சி. அந்தப் பட்டறையில் சூளைக்குக் காற்றடிக்கும் காற்றூதியைச் சரிசெய்ய ஒருநாள் போன மருதவாணன், சரியாகிவிட்ட காற்றூதியை மறுநாளும் போய்ப் பார்த்தான், அதற்கு மறுநாளும் போனான். ஓடுகிற மெஷினை இத்தனை தரம் வந்து பார்க்கிற மெக்கானிக்கை நான் கண்டதில்லை என்று முதலாளி சிகாமணி சிரித்த பிறகுதான் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. பேசி முடித்தார்கள். அதுவரை அவன் அவளுடைய சுண்டுவிரலைக் கூடத் தொட்டதில்லை. எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் என்று இரண்டு பேரும் ரொம்ப ஒழுங்காக இருந்துவிட்டார்கள், இப்போது அந்த ஒழுங்கை நினைத்து இரண்டு பேருமே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இளவஞ்சியின் அப்பா அறவாழி, தொழிற்சங்கத்து ஆள், எதற்கும் பகுத்தறிவான காரணம் உண்டு என்பவர். "தாலி எல்லாம் எதுக்கு? மாலை மாத்திக்கிட்டாப் போதும்" என்றார்.

"ஏன் சம்மந்தி, மாலை மட்டும் எரியாதா?" என்றாள் பாக்கியம்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அப்படியானால் தாலியே இருக்கட்டும் என்று ஆசாரியிடம் சொல்லி ஒரு தங்கத் தாலியைச் செய்து மருதவாணன் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கம் நெய் மாதிரி உருகி, விரலிடுக்கில் வழிந்து, மணலில் சொட்டியது. ஆசாரி உட்கார்ந்து மணலைச் சலித்தார். இளவஞ்சி மட்டும் அந்தச் சொட்டுகளைப் பார்க்காமல், அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாலிய என்கிட்ட விடுங்க. இதுதானே என் வேலை" என்றாள்.

அவள் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. நெருப்பிலேயே குடித்தனம் நடத்துகிற உலோகங்கள் இருக்கின்றன. விமானத்து டர்பைனில், மின்நிலையத்தில், சூளைக்குள்ளே. எவ்வளவு நல்ல கலப்பு உலோகமாக இருந்தாலும் அந்தச் சூட்டில் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவாக்கித் தின்றுவிடும், சூடு ஏற ஏற அந்தப் பசியும் ஏறும். அதனால் அந்த உலோகத்தை அலுமினியம் கலந்த பொடிக்குள் புதைத்து, பெட்டியை மூடி, சூளையில் ஏற்றி, பொடியிலிருந்து ஒரு பூச்சு உலோகத்துக்குள் ஊறி இறங்கும்வரை வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு என்ன செய்யும் என்றால், நெருப்பு வந்ததும் முந்திக்கொண்டு தானே துருவேறும். ஆனால் அந்தத் துரு வெங்காயத் தோலைவிட மெல்லியதாக, வெங்காயத் தோலைவிட இறுக்கமாகப் படர்ந்து, காற்று நுழைய ஓர் இடுக்குக்கூட விடாமல் மூடிக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே இருக்கும் உலோகம் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று காலத்துக்கும் இருக்கும். முதலில் கொஞ்சம் தான் எரிந்து கொடுத்தால்தான் மற்றதைக் காப்பாற்ற முடியும் என்பது அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை யாரும் பெரிய தத்துவமாகச் சொல்லிக்கொள்வதில்லை.

டர்பைன் இறகு ஒன்றின் உடைந்த துண்டிலிருந்து இளவஞ்சி தாலி வெட்டினாள். பொடியில் புதைத்தாள், சூளையில் ஏற்றினாள். அது தயாரானதும் பட்டறை முற்றத்தில் ஊரே கூடியது. மருதவாணன் தாலியை உள்ளங்கையில் வாங்கினான். அது சிவந்தது, ஆரஞ்சு நிறமானது, உருகவில்லை, கருகவில்லை, ஓரம்கூட மழுங்கவில்லை. நாங்கள் விசிலடித்தோம், காதர் பாய் எல்லாருக்கும் ஓசி டீ என்று அறிவித்தார், அறவாழி கூடக் கை தட்டினார். மருதவாணன் அதைச் செங்கல்மேல் வைத்தான். அது ஆறியது. ஆற ஆற 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து, பூச்சு செதில் செதிலாகத் தெறித்து எங்கள் காலடியில் விழுந்தது.

"சூட்டுல நிக்கும். ஆறும்போதுதான் வம்பு" என்றாள் இளவஞ்சி. "தாலி ஒரு அளவுக்குச் சுருங்குது, தோலு வேற அளவுக்குச் சுருங்குது. ரெண்டுக்கும் ஒத்துப்போகல."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆளப் போடு" என்றார் சிகாமணி. "இவனுக்கும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும், அவனுக்கும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும். கல்யாணத் தரகர் மாதிரி."

அவள் அப்படியே ஒரு நடுப்பூச்சைச் சேர்த்தாள். இந்தத் தடவை தாலி சிவந்தது, ஆறியது, மறுபடி சிவந்தது, மறுபடி ஆறியது, ஒரு செதில்கூடப் பெயரவில்லை. அவ்வளவுதான், ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தகடு வெட்டுகிறவர்கள் மல்லிகை மல்லிகையாக நிக்கல் பூ வெட்டி மாலை கட்டினார்கள், அதற்கும் பூச்சு. மணையாகப் போடும் தகட்டுக்குப் பூச்சு. மாப்பிள்ளைக்கு மெட்டி, மோதிரம், கழுத்துச் சங்கிலி, எல்லாவற்றுக்கும் பூச்சு. கடைசியில் ஏகாம்பரம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, இருக்கட்டும், இதுக்கும் ஒரு கை பூசிவிடு என்றார். ஹோமம் வளர்க்க வேண்டும் என்று பாக்கியமும் கூடவே கூடாது என்று அறவாழியும் மூன்று வேளையும் சண்டை போட்டார்கள். மாப்பிள்ளையே அக்கினியாக உட்கார்ந்திருக்கும்போது தனியாக எதற்கு, பெண் அவனையே சுற்றி வரட்டும் என்று காதர் பாய் சொன்ன தீர்ப்பில் இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் 'நைலான் சேலை தவிர்க்கவும்' என்று அச்சடித்தோம்.

இத்தனை ஆர்ப்பாட்டத்திலும் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியைப் பாக்கியம்தான் கேட்டாள். முகூர்த்தத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் பட்டறைக்கு வந்து, இளவஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தாலி நிக்கும்மா. அதக் கட்டிக்கிற கழுத்து நிக்குமா? எம்புள்ளதான். ஆனா நீயும் ஒருத்தி பெத்த புள்ளதானே. வேற இடம் பாத்துக்க கண்ணு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அழாதீங்க அத்தை" என்றாள் இளவஞ்சி. "பெட்டி ஒண்ணு பெருசாச் செய்யணும். என் உயரத்துக்கு."

இதைக் கேள்விப்பட்டு மருதவாணன் டீக்கடையிலிருந்து எழுந்து, பாய்லரை இறக்கி வைத்துவிட்டு, ஜல்லி ஓரமாகவே நடந்து, வற்றிப் போன ஏரியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைச் சுற்றி மண் வெந்து சிவந்தது. இளவஞ்சி கரையில் நின்று கூப்பிட்டாள்.

"வேணாம் வஞ்சி" என்று அங்கிருந்தே கத்தினான். "தொடாமலே இருந்துடலாம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேசிக்கிட்டே காலத்த ஓட்டிடலாம்."

"காதர் பாய் உங்க மடியில பாய்லர வைக்கிறாரு. ஏகாம்பரம் அண்ணன் முதுகுல பொட்டிய வைக்கிறாரு. ஊர்ல இருக்கற அப்பளமெல்லாம் உங்க காதுகிட்ட வந்து போகுது. கட்டிக்கப் போறவ மட்டும் தூரமா நிக்கணுமா? எந்த ஊரு நியாயம் இது?"

அழுதான் போலிருக்கிறது, முகத்திலிருந்து சின்னச் சின்னதாக ஆவி கிளம்பியதைக் கரையிலிருந்த நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பிறகு எழுந்து வந்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணுக்கு நலங்கு வைப்பார்கள் அல்லவா, மஞ்சளும் சந்தனமும் பூசி? எங்கள் ஊர் சுமங்கலிகள் அன்னக்கிளி கோட்டிங்ஸ் முற்றத்தில் வரிசையாக நின்று, அந்தச் சாம்பல் நிறப் பொடியை வெள்ளித் தட்டில் குழைத்து, கன்னத்தில், கையில், காலில், கழுத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே பூசினார்கள். விரலிடுக்கு விட்டுப்போச்சு, காது மடலுக்குப் பின்னால் விட்டுப்போச்சு என்று ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சரிபார்த்தார்கள், கூச்சம் தாங்காமல் இளவஞ்சி துள்ளித் துள்ளிச் சிரித்தாள். அப்புறம் அவளைப் பெட்டியில் படுக்கவைத்து, மீதிப் பொடியைக் கழுத்துவரை நிரப்பி, முகத்துக்கும் தூவினார்கள். ஆளைச் சூளையில் ஏற்ற நமக்கு லைசென்ஸ் இல்லையம்மா என்று சிகாமணி கடைசி முறையாகச் சொல்லிப் பார்த்தார். "வேலையாளுக்குத்தானே இல்ல? நான் இன்னிக்கு லீவு" என்றாள் பெட்டிக்குள்ளிருந்து. உள்ளே காற்றே புகக்கூடாது என்பது சூளையின் விதி. அப்புறம் மூச்சு எப்படி விடுவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவளே விளக்கியிருப்பாள்.

பெட்டியை உள்ளே தள்ளி, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிக் கதவை மூடினார்கள். எதையும் நம்பாத அறவாழி சூட்டுமானியின் முள்ளைப் பார்த்தபடியே கதவருகில் நின்றார், சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை, யாரும் கவனிக்காதபோது சரிந்திருந்த எலுமிச்சம்பழத்தை நேராக நிமிர்த்தி வைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் பெட்டி ஆறி வெளியே வந்தது. இளவஞ்சி எழுந்து உட்கார்ந்தாள். புதிதாக ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி உச்சந்தலையிலிருந்து நகம்வரை மின்னினாள்.

"பொடிக்குள்ள சூடே தெரியல. பசிக்குது" என்றாள். பாக்கியம் ஓடிப்போய்ச் சாம்பார் சாதம் பிசைந்து வந்தாள், மருமகள் சோறுதான் தின்கிறாள், கரி தின்னவில்லை என்ற சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினாள்.

இங்கேதான் ஒரு தகராறு. பூச்சு ஏறிவிட்டால் மட்டும் போதாது. அது திறந்த காற்றில் நெருப்பைப் பார்த்தால்தான் அந்த மெல்லிய தோல் கட்டும். அதனால் பட்டறையில் எந்த உருப்படியையும் அனுப்புவதற்கு முன்னால் சின்னச் சூளையில் வைத்து, நிதானமாக, பதமாக, முதல் சூடு காட்டுவார்கள். சிகாமணி அந்தச் சூளையைத் தயாராக ஏற்றி வைத்திருந்தார்.

"வேணாங்கய்யா" என்றாள் இளவஞ்சி.

"மெதுவா ஏத்துறேம்மா. உனக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நேரா அவன் கையில போய் நின்னா உசுரே போகும்."

"தோல் கட்டிட்டா அப்புறம் எந்தச் சூடும் எனக்குத் தெரியாதுங்களே. அவரு சூடும் தெரியாது. வாழ்க்கை முழுக்கத் தெரியாது." அவள் சின்னச் சூளையின் கதவைக் காட்டினாள். "ஒரே ஒரு தடவைதான் தெரியும். அத உங்க சூளைக்குக் குடுக்கணுமாங்கய்யா?"

சிகாமணி சூளையை அணைத்துவிட்டார்.

கல்யாண மண்டபக்காரர் இடம் தர மறுத்ததால் லாரி நிற்கும் மைதானத்தில் மேடை. தகரப் பந்தல், தகட்டு மாவிலை, நாதஸ்வரம், சுற்று வட்டாரத்துப் பட்டறைகளெல்லாம் லீவு. சூளைத் துணியில் சிவப்புச் சாயம் ஏற்றிய சேலையும் நிக்கல் மல்லிகையும் மினுமினுக்க, இளவஞ்சி மாப்பிள்ளையை மூன்று சுற்று சுற்றி வந்து எதிரே நின்றாள். சிவந்து கொண்டிருக்கும் தாலியை ஒரு கையில் ஏந்தியபடி மருதவாணன் எழுந்து நின்றான். மற்ற கையை நீட்டச் சொல்லி அவள் சைகை காட்டினாள். அவன் நீட்டினான், உடனே இழுத்துக்கொண்டான், மறுபடி நீட்டினான். அவள் பிடித்தாள்.

அவள் போட்ட அலறலில் மைதானத்து ஓரத்தில் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். மருதவாணன் கையை உதறப் பார்த்தான்.

"விடாதீங்க!" என்று கத்தினாள். "விட்டீங்கன்னா நான் செத்தே போயிடுவேன், விடாதீங்க!"

அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நுனியில் வைக்கோல் நிறம் படர்ந்தது, அது ஊதாவாகி மணிக்கட்டுக்கு ஏறியது, நீலமாகி முழங்கைக்கு ஏறியது, மயில் கழுத்தில் பார்ப்போமே அந்த நிறமெல்லாம் தோளைக் கடந்து கழுத்தைச் சுற்றி முகத்துக்கு ஏறி, கடைசியில் வெளிறித் தெளிந்து ஒரு மெல்லிய பளபளப்பாக நின்றது. அலறலைச் சைகை என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளத்தை அடித்துத் தள்ளினார், மேளத்தைக் கேட்டதும் நாங்கள் அட்சதையை எறிந்தோம், பாதி அரிசி மாப்பிள்ளை மேல் பட்டுப் பொரியாகப் பொரிந்து சிதறியது, குழந்தைகள் பாய்ந்து பொறுக்கித் தின்றார்கள். இன்னும் தாலியே கட்டலையே, நிறுத்துங்கய்யா என்று அறவாழி தொண்டை கிழியக் கத்தினார். ஒருவழியாக மேளம் நின்றது.

இளவஞ்சி கண்ணை மூடி நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"வலிக்குதா?" என்றான் மருதவாணன்.

"இல்ல. நின்னுபோச்சு."

"சூடு?"

அவள் பிடியை இன்னும் இறுக்கிப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாள்.

அவன் முகம் தொங்கிப்போனது. அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள், ஒரு இடத்தில் நின்று, மறுபடி அதே இடத்தைத் தடவினாள்.

"இதென்ன, தழும்பா?"

"காத்தூதி பெல்ட்டு அறுந்து அடிச்சது."

"எப்ப?"

"உன்னையப் பாக்கறதுக்கு முன்னாடி."

"இத்தனை நாளு சொல்லவே இல்ல."

"நீ கேக்கலையே."

"இப்பத்தானே தெரியுது" என்றாள் அவள், கண்ணைத் திறந்தாள், சிரித்தாள், கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். "கை நடுங்குது பாருங்க. நடுங்காமக் கட்டுங்க."

அவன் கட்டினான். மேளக்காரர் இந்தத் தடவை அறவாழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தலையசைத்த பிறகே அடித்தார்.